செம்மஞ்சள் ஜெயித்தால் கொடுக்கிற கடிதம்

செம்மஞ்சள் இரண்டு புள்ளி பின்னால் நின்றபோது விஜயகலாவின் தேயிலைக் கொழுந்துச் சாக்கு தராசில் தொங்கியது. எத்தனை கிலோ என்று அவள் பார்க்கவில்லை. நிறுவை மடுவத்துத் தூணில் ஆணியடித்து மாட்டியிருந்த பிரதீபனின் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டுமில்லை, கொழுந்து நிறுக்க வந்த இருபத்திரண்டு பொம்பளைகளும் அதைத்தான் பார்த்தார்கள். சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று போனின் அடிப்பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்குள் இறக்கியிருந்தான் பிரதீபன். கொழும்பில் வெயில். இங்கே, யட்டியாந்தோட்டையிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ் ஏறி வருகிற மலையில், தூறல். ரக்பி ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தது. செம்மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் மூலையில் கோட்டுக்கு அப்பால் பந்தோடு பாய்ந்து விழுந்து ட்ரை வைத்துவிட்டான். இனிப் பத்தாம் நம்பர்க்காரன் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் சமன்.

"அடி ராசா, அடி," என்றாள் கலைச்செல்வி, பெற்ற பிள்ளையைக் கெஞ்சுவதுபோல.

பந்து இடப்பக்கத்துக் கம்பத்துக்கு வெளியே போனது. பதினேழுக்குப் பத்தொன்பது. தோல்வி.

"எரும! பாலும் முட்டையும் ஊத்தித்தானே வளத்திருப்பாங்க? ஒரு பந்த நேரா ஒதைக்கத் தெரியல," என்று அதே கலைச்செல்வி ஏசினாள்.

"காத்து அடிச்சிருக்கும் அக்கா," என்றான் பிரதீபன்.

"ஆமா, அவன் ஒதைக்கயில மட்டும் அடிக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். விஜயகலா சிரிக்கவில்லை. இடுப்புப் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் உள்ளே தள்ளிவைத்தாள். இத்தோடு மூன்றாவது சனிக்கிழமை.

அந்த விளையாட்டில் இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையும் அந்தப் பள்ளிக்கூடத்தின் கேற்றைக்கூடத் தாண்டியதில்லை. அதன் இங்கிலீஷ் பேர் வாயில் நுழையாததால் சட்டையின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் தோட்டத்தை நடத்துகிற துரை அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அந்தச் சட்டையைப் போட்டு விளையாடியவர். அவர் வந்து இரண்டு வருஷமாகிறது. முதல் வருஷமே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். செம்மஞ்சள் ஜெயித்த வாரம் ஏழாம் லயத்துக்குக் கூரைத் தகரம் கிடைத்தது, கோயில் திருவிழாவுக்கு லொறி கிடைத்தது. தோற்ற வாரம், மகளின் கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு கேட்டுப் போன சாலியின் கடிதத்தை அவன் கண்ணெதிரே இரண்டாகக் கிழித்துப் போட்டார். எந்த மலையில் எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்பதுகூட பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற திங்கட்கிழமைப் பெரட்டில் அவர் முகத்தைப் பொறுத்துத்தான் கூடும், குறையும்.

அதனால் படித்தார்கள். ட்ரைக்கு ஐந்து, அதற்குமேல் உதைத்தால் இரண்டு, பெனல்டிக்கு மூன்று, பந்தைக் கை நழுவ விட்டால் நொக்-ஒன். எழுதப் படிக்கத் தெரியாத மருதாயி அம்மாகூட புள்ளிப் பட்டியலில் செம்மஞ்சள் எத்தனையாவது என்று சொல்வாள். மழை எப்போது வரும் என்று பார்ப்பதுபோலத்தான் இதையும் பார்த்தார்கள். எந்த ஊரிலாவது, வயிற்றுப்பாட்டுக்கு நிற்கிற மனுஷர் பதினெட்டு வயதுப் பணக்காரப் பிள்ளைகளின் கால் எலும்பை நம்பி நிற்பார்களா? இங்கே நின்றார்கள். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்துக்கொண்டார்கள்.

விஜயகலாவின் கடிதம் ஐந்தாம் லயத்துக் கடைசி ஆறு காம்பிரா வீடுகளைப் பற்றியது. சித்திரை மழையில் லயத்துக்குப் பின்னால் மண்திட்டு வெடித்திருந்தது. மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வந்து, வெடிப்பை அளந்து, ஆறு கதவிலும் சிவப்புப் பெயின்டால் இலக்கம் போட்டு, இங்கே இருக்கக் கூடாது என்று ஒரு கடுதாசியும் தந்துவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்பது கடுதாசியில் இல்லை. கீழே பாதையோரம், சமதரையில், பழைய பிள்ளைக் காம்பிரா நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் புதிய கட்டிடத்துக்கு மாறியபின் அதைத் திறப்பார் இல்லை. ஆறு குடும்பமும் அதில் நெருக்கியடித்து இருந்துகொள்ளலாம். ஆனால் அது கொம்பனியின் கட்டிடம். துரை கையெழுத்து வைக்க வேண்டும்.

மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் மண் வந்தால் ஓடிவிடலாம் என்று சொல்லிக்கொண்டார்கள். விஜயகலாவால் அப்படிச் சொல்ல முடியாது. அவள் புருஷன் இராமசாமி நிழல்மரத்துக் கிளை தறிக்கப்போய் விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறான். கக்கூசுக்குப் போகவே இரண்டு பேர் வேண்டும்.

செவ்வாய்க்கிழமைதான் துரை ஆட்களின் குறை கேட்கிற நாள். அன்று ஓபிஸ் வாசலில் கிளாக்கர் பஞ்சலிங்கம் அவளைப் பார்த்ததும் கண்ணால் தடுத்தார். பருத்தித்துறைக்காரர், இந்தத் தோட்டத்தில் பதினோரு வருஷம்.

"இண்டைக்குக் குடுக்காதேங்கோ பிள்ளை. ஆள் வந்ததிலயிருந்து ஒருத்தரோடயும் கதைக்கேல்ல."

"வெடிப்பு பெரிசாகிட்டுப் போகுதுங்கய்யா."

"எனக்கு விளங்குது. ஆனா இப்ப உள்ளுக்கு விட்டா, மாட்டன் எண்டு ஒரு சொல் சொல்லிப்போட்டாரெண்டால் பிறகு அந்தச் சொல்லை மாத்த மாட்டார். வாற சனி ஊதாவோட பெரிய மெச். அதில வெண்டா, நீங்கள் கேக்காமலே கையெழுத்து வைப்பார்."

ஊதா என்றால் செம்மஞ்சளின் பரம்பரை எதிரி. தொண்ணூறு வருஷமாக இரண்டும் மோதுகின்றனவாம். விஜயகலா உறையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்குப் போனாள்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. தூறலாய் இல்லை, ஊற்றுகிற மழை. மழைக்கு முன்னே, புதன்கிழமை, வெடிப்புக்குள் ஒரு விரல் போனது. வெள்ளிக்கிழமை கை மணிக்கட்டு வரைக்கும் போனது. லயத்து வடிகான் நிறைந்து, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஏறி, அடுப்படி வரை வந்துவிட்டது. தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடியது. இராமசாமி கட்டிலில் கிடந்தபடி கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்புள்ள, ஊதாக்காரனுங்க இந்த வருஷம் எப்பிடி?"

"பரவால்லயாம். ரெண்டு பேருக்குக் கால்ல அடியாம்."

"அப்ப நமக்கு நல்லதுதான்," என்றான் அவன்.

சனிக்கிழமை காலையில் மழைக்குள் நனைந்துகொண்டே போய் கலைச்செல்வி முனியாண்டி கல்லில் ஒரு தேங்காய் உடைத்தாள். அவள் இருப்பது விஜயகலாவுக்கு அடுத்த காம்பிரா, கையில் ஆறு மாதக் குழந்தை. "அந்தப் பத்தாம் நம்பருக்குக் கால நேராக்கி விடு சாமி" என்று சத்தமாகவே கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற விஜயகலாவும் கும்பிட்டாள். கையைக் கூப்பியபோதே உடம்பெல்லாம் கூசியது. எவனோ ஒருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு, அடுப்புக்கு வேண்டிய தேங்காயை நாங்கள் உடைக்கிறோம். அவனுக்கு எங்கள் ஊர் இருப்பதுகூடத் தெரியாது.

பிற்பகல் இரண்டரைக்கு எல்லாரும் பிரதீபன் வீட்டு இஸ்தோப்பில் கூடினார்கள். அவன்தான் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவன். போன் வெளிச்சத்தில் அவன் முகம் மாறியது.

"மெச் இல்லயாம்."

"என்னது?"

"தள்ளி வச்சிட்டாங்களாம். சிங்களத்துல போட்டிருக்கு." அவன் தமிழாக்கி வாசித்தான். கனமழையால் மைதானம் வழுக்குகிறது. விளையாடும் மாணவர்களின் பாதுகாப்பே எங்களுக்கு முதன்மை. ஒரு பிள்ளைக்கும் சிறு காயமும் ஏற்பட இடம் கொடுக்க மாட்டோம். ஆகையால் போட்டி இரண்டு வாரத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

விஜயகலா போனின் பக்கம் நெருங்கிவந்தாள்.

"வழுக்குதாமா?" என்றாள் விஜயகலா. "புல்லுத்தரைதானே அது? அதுல வழுக்குதாமா?"

"அக்கா..."

"இன்னொருக்கா படி. அந்தப் பாதுகாப்புன்னு போட்டிருக்கத மட்டும் படி."

அவன் படிக்கவில்லை. "ரெண்டு வாரந்தானே அக்கா, பாத்துக்குவோம்" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அவள் சாக்குப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு பங்களாப் பாதையில் ஏறினாள்.

துரை பங்களா விறாந்தையில் இருந்தார். காலையில் கொழும்புக்குப் புறப்பட உடுத்திய செம்மஞ்சள் சட்டையைக் கழற்றியிருக்கவில்லை. தூண்களுக்கிடையில் நீளக் கொடி ஒன்று கட்டியிருந்தது. வாச்சர் தடுக்கத் தடுக்க அவள் படியேறி நின்றாள். சிங்களத்திலேயே பேசினாள். அது அவளுக்குத் தமிழ் மாதிரிதான்.

"இன்றைக்கு ஓபிஸ் இல்லை. செவ்வாய்க்கிழமை வா," என்றார் துரை, தலை நிமிராமல்.

"மூணு செவ்வாய்க்கிழமை வந்துட்டேன் மஹத்தயா. முதல்ல பெனல்டியில மூணு புள்ளியில தோத்தீங்க. அடுத்த வாரம் பதினாலாம் நம்பர் பந்தைக் கை நழுவ விட்டான். போன சனி பத்தாம் நம்பர் இடப்பக்கம் உதைச்சான். இன்னைக்கு மெச்சே இல்ல. நான் எப்பத்தான் வர்றது?"

துரை நிமிர்ந்தார். கோபப்படுவார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது.

"நீ எங்கள் மெச் பார்க்கிறாயா?"

"எல்லாரும் பாக்குறோம்."

"எல்லாருமா? லயத்திலா?" அவர் எழுந்தேவிட்டார். போனை எடுத்து யாரையோ அழைத்தார். "மச்சான், நம்பமாட்டாய். என் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு நம் பத்தாம் நம்பர் இடப்பக்கம் உதைத்ததுகூடத் தெரிகிறது! ரத்தத்திலேயே ஊறிவிட்டது, தோட்டமே நம் பக்கம்!" போனுக்குள்ளிருந்து நாலைந்து ஆம்பிளைகளின் சிரிப்பு வந்தது. அவர் கொடியை அவிழ்த்து ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, தானும் பக்கத்தில் வந்து நின்று, போனை நீட்டிப் பிடித்தார். பழைய மாணவர்களின் பேஸ்புக் பக்கத்தில் போடவாம்.

அவள் மறுகையில் கடிதம் இருந்தது.

"அந்தப் பேப்பரைக் கொஞ்சம் பின்னால் பிடி," என்றார் துரை.

பிடித்தாள். ஏன் பிடித்தோம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். இருபது வருஷம் பெரட்டில் நின்ற உடம்பு, சொன்னதும் செய்துவிட்டது. படம் எடுத்து முடிந்தபின் கடிதத்தை நீட்டினாள். அவர் முதல் வரியைப் பார்த்தார். "சரி, சரி. சீல் எல்லாம் ஓபிஸில்தானே இருக்கிறது? செவ்வாய்க்கிழமை கொண்டுவா. மறக்காதே, இரண்டு வாரத்தில் பெரிய மெச்!" என்று சொல்லி, அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு போனைப் பார்க்கத் திரும்பினார்.

அவள் கீழே வந்தபோது எல்லாரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"கிழிச்சிட்டாரா?" என்றான் பிரதீபன்.

"கிழிக்கல. என் விசயத்துல இதுவரைக்கும் அவரு ஒண்ணுமே செய்யல தலைவரே. மூணு வாரமா இந்தப் பேப்பர மறைச்சு வச்சது நான். வைக்கச் சொன்னது நீங்க எல்லாரும். அவருக்கு நம்ம பயந்தது தெரியவே தெரியாது. நம்ம அவரு பள்ளிக்கூடத்து மேல ஆசை வச்சிருக்கோம்னு நெனைச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு." அவள் பேப்பரை இடுப்பில் செருகினாள். "அலவாங்கு யாரு வீட்டுல இருக்கு?"

"அக்கா, பூட்ட ஒடைச்சா பொலிசுக்குப் போவாங்க. வேல போயிரும்."

"போகட்டும். மண்ணு வந்தா பெரட்டுல என் பேரக் கூப்பிட்டா யாரு கையத் தூக்குவா?"

கலைச்செல்வி குழந்தையை மருதாயி அம்மா மடியில் வைத்துவிட்டு, மழைக்குள் ஓடிப்போய்த் தன் வீட்டு இரும்பு அலவாங்கை எடுத்து வந்தாள்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. நாலாவது இடியில் கொக்கியோடு பெயர்ந்து விழுந்தது. இராமசாமியைப் பெரிய படங்கு விரிப்பில் கிடத்தி நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துப் படியிறக்கினார்கள். முன்மூலையில் பிரதீபன். "பாத்துடா தலைவா, என்னைய நொக்-ஒன் பண்ணிராத," என்றான் இராமசாமி. ஒருத்தி சிரித்துவிட்டாள். பிடி தளரப் பார்த்தது. மற்றவர்கள் அவளை ஏசினார்கள். பிறகு பானை, பாய், அரிசி, சாமிப்படம், பள்ளிக்கூடப் பை என்று எல்லாம் தலைக்குத் தலை இறங்கியது. பிள்ளைக் காம்பிராவின் உத்தரத்தில் தொட்டில் கட்டுகிற கொக்கிகள் வரிசையாகத் தொங்கின. சுவர் அடியில் நீலப் பெயின்டில் யாரோ வரைந்த முயலுக்குப் பாசி பிடித்திருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே பஞ்சலிங்கம் வந்துவிட்டார். குடையிருந்தும் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"வாச்சர் சொல்லித் துரை போன் எடுத்தவர். ஆர் ஆர் உடைச்சதெண்டு பேர் எழுதிக்கொண்டு வரட்டாம். பொலிசுக்குக் குடுக்க." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பிள்ளை, நான் அண்டைக்கு உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொன்னனான்."

"தெரியுங்கய்யா. அதான் இன்னும் கோவமா வருது," என்றாள் விஜயகலா. "மழையில நின்னு எழுத முடியாது. உள்ள வாங்க. மொதல்ல ஏம் பேரு. இராமசாமி விஜயகலா, அஞ்சாம் லயம்."

"ரெண்டாவது நானு. அலவாங்கு என்னுது," என்றாள் கலைச்செல்வி.

"பிரதீபன். கமிட்டித் தலைவர்னும் போடுங்க."

மூலையில் படங்கின்மேல் கிடந்த இராமசாமி கையைத் தூக்கினான். "ஏம் பேரயும் போடுங்கய்யா. ஒடைக்கல. ஆனா ஒடைக்கச் சொன்னது நாந்தான்." அது பச்சைப் பொய். பஞ்சலிங்கம் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து பேரைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். பஞ்சலிங்கத்துக்கு உட்கார வேறொன்றும் இருக்கவில்லை. இரண்டு சாண் உயரத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்து சோறு தின்கிற பெஞ்சு ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்தார். முழங்கால்கள் மோவாய்க்கு வந்தன. கொப்பியை அவற்றின்மேல் வைத்துக்கொண்டு, அடுத்த பேருக்காகப் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். நெருப்புத் தணல் போட்ட சட்டியோடு ஒருத்தி அவரைத் தாண்டிப் போக வந்தாள். அவர் கால்களை இன்னும் இறுக்கி மடக்கி அவளுக்கு வழி விட்டார்.