சாமி படத்துக்கு முன்னால் சுரேந்தர் சொன்னது

1.

அன்று காலை அங்கே இருந்தவர்கள்: பனியன் கம்பெனி முதலாளி சுரேந்தர். அவர் மனைவி இந்துமதி. ஓவர்லாக் டெய்லர் விஜயராணி. விஜயராணி எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்காரும் மற்ற டெய்லர்கள். கட்டிங் மாஸ்டர் கன்னையன். சுவரில் முருகன், லட்சுமி, பிள்ளையார்.

நான் இல்லை. நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டவன் நான். காலை நேரத்தில் எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்பதில்லை. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே கன்னையன் சொன்னதுதான் இந்தக் கதை. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். அதற்கு மேல் நான் கூட்டுவேன். கழித்துக்கொள்வது உங்கள் பாடு.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பின்னலாடை நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மனிதன் அமைதியைத் தேடி..."

(அடித்துவிட்டேன். சுரேந்தர் தேடியது அமைதியை அல்ல, பிரஷர் மாத்திரைக்கு ஒரு மாற்றை.)

அப்படித் தேடியவருக்குப் போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. ஸ்டோயிக் தத்துவம். கிரேக்கத்திலும் ரோமிலும் அந்தக் காலத்து ஆட்கள் பழகியது. உன் கையில் இருப்பதைச் செய். இல்லாததற்கு நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே. இன்று எதையெல்லாம் இழக்கக்கூடும் என்று காலையிலேயே நினைத்துப் பார். நடந்துவிட்டால் பாதி அடிதான் விழும்.

நல்ல விஷயம்தான். வேலையும் செய்தது. சாயப்பட்டறையிலிருந்து துணி வராத அன்று, பழைய சுரேந்தர் என்றால் போனை வீசியிருப்பார். இந்தச் சுரேந்தர், "அது நம்ம கையில இல்லீங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார். கன்னையன் போய் மிஷின்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.*

* முதலாளி திட்டவில்லை என்றால் எங்களுக்கு இரண்டே சந்தேகம்தான். ஆளுக்கு உடம்பு சரியில்லை. அல்லது மிஷின்களை விலை பேசிவிட்டார்.

3.

பிசகு இங்கேதான். இழக்கப்போவதைக் கண்ணாடி முன் நின்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னது வீடியோ. வீட்டில் சொன்னால் இந்துமதி சிரிக்கிறார். கம்பெனியில் முகம் தெரிவது ஓர் இடத்தில்தான்: சாமி படத்தின் மேல் போட்ட கண்ணாடியில்.

சூடம் காட்டிவிட்டு மிஷின் ஓட்டுவது வழக்கம். அன்று சூடம் காட்டிய கையோடு, தன் முகத்தைப் பார்த்துச் சுரேந்தர் தெளிவாகச் சொன்னார்: "ஆர்டர் போகலாம். மிஷினெல்லாம் போகலாம். கம்பெனியை மூடலாம். எனக்குச் சம்மதம்."

பின்னால் கைகூப்பி நின்றவர்களின் காதில் விழுந்தது தத்துவம் அல்ல, வேண்டுதல்.

விஜயராணி கையை இறக்கினார். அவர் கண்களில் ஏதோ ஒரு...

(கண்ணில் ஒன்றும் இல்லை.) தன் கத்திரியை எடுத்துப் பையில் போட்டார். டெய்லர் கத்திரியைப் பையில் போட்டால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் சுரேந்தர் கேட்டார்.

"ஏனுங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

"எதுத்த கம்பெனில ஆள் எடுக்குறாக மொதலாளி. நீங்கதான் சாமிகிட்ட மூடச் சொல்லிட்டீகளே."

"ஐயோ, அது வேண்டுதல் இல்லீங்க. ஸ்டோயிக்குங்க."

"அது எந்த ஊருச் சாமி?"

"சாமி இல்லீங்க. கெட்டதை முன்னாடியே சொல்லிப் பழகிட்டா மனசு தாங்கும்."

"நல்லதச் சொல்லிப் பழகுனா என்னவாம்?"

"அதுக்கு இன்னும் வீடியோ வரலையாட்ட இருக்குதுங்க" என்றார் கன்னையன்.

சனிக்கிழமை சரக்கு கண்டெய்னரில் ஏற வேண்டும். பாதிக்கு மேல் தைக்கவில்லை. இவர்கள் போனால் ஆர்டர் போகும். வெளிநாட்டில் சரக்கு வாங்கும் ஒரே பையரை நம்பிய கம்பெனி, அதோடு மூடவும் மூடும். சொன்னது சொன்ன வரிசையில் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் ஒத்திகை பார்த்தவர் சூடத்தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

4.

முடிவு ஒன்று: சுரேந்தர் விஜயராணியின் காலில் விழுகிறார். (தொந்தி விடாது.)

முடிவு இரண்டு: ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, போகிறவர்களுக்கு அமைதியாகக் கை காட்டுகிறார். (அது தத்துவம் இல்லை, சோம்பல். கையில் இருப்பதைச் செய் என்றும் அந்த ஆட்கள் சொன்னார்கள். வீடியோவில் அந்த இடம் வந்தால் எல்லோரும் தள்ளிவிட்டுப் பார்க்கிறோம்.)

நான் மூன்றாவதை யோசிப்பதற்குள் இந்துமதி புகுந்துவிட்டார்.

"கண்ணு, சனிக்கெழம வரைக்கும் இருக்கறக்கு என்ன வேணும், சொல்லு."

"தச்சுக் குடுத்துருவோம்க்கா. ஆனா மொதலாளி உள்ள இருக்கக் கூடாது. எப்ப என்ன சொல்லுவாகளோன்னு எங்களுக்குக் கை ஓடாது."

ஆர்டர், மிஷின், கம்பெனி. எல்லாம் போவதைச் சுரேந்தர் சொல்லிப் பார்த்திருக்கிறார். எதுவும் போகாமல், தான் மட்டும் வெளியே போவதை ஒருநாளும் சொல்லிப் பார்க்கவில்லை.

"வெளிய போயி நான் என்ன பண்றது?"

இந்துமதி சூடத்தட்டை வாங்கிக்கொண்டு, கடையில் டீ வாங்கி வரும் கேனைக் கொடுத்தார். "இது உங்க கையில இருக்குதுங்கல்ல. போயிட்டு வாங்க."

5.

கண்டெய்னர் ஏறியதா? கன்னையனுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். மோசமானதை வைப்பதானால் மனசுக்குள் வையுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

சுரேந்தர் டீ கேனோடு படியிறங்கினார். திரும்பி நின்று, "எல்லாருக்கும் சக்கரை போடலாமுங்களா?" என்று கேட்டார்.

பையிலிருந்து எடுத்த கத்திரி ஒரு கையில் இருக்க, விஜயராணி மறு கையால் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.