பொன்மாரி எழுதிய பாக்கி

பொன்மாரி எனக்குத் தர வேண்டியது ஐயாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். நான் கேட்கவில்லை. அவளே எழுதி வைத்திருந்தாள்.

அவள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகியவள். காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தைகள் நலக் குழுவில் கையெழுத்துப் போட்டு நானும் என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்துவும் பிள்ளையைக் கூட்டி வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மாதம் ஒரு சனிக்கிழமை எங்களைப் போல வளர்க்கிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் விருதுநகரில் வகுப்பு. பெர்சிஸ் என்ற நர்சம்மா நடத்துவார். பிள்ளைகளுக்குச் சமைக்க, பேங்கில் பணம் போட, வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுப்பார். எங்களுக்குக் கத்தாமல் பேச. எனக்கு இன்னும் வரவில்லை.

அன்றைக்கு வீட்டு வரவு செலவு எழுதச் சொன்னார். பொன்மாரி நோட்டை நீட்டும்போது கடைசிப் பக்கம் விரிந்துவிட்டது. முப்பத்தாறு வயதில் அறிவொளியில் எழுத்துப் படித்தவள் நான். விரல் வைத்துத்தான் வாசிப்பேன். மேலே என் பெயர். கீழே சோறு, பாவாடை, ஆஸ்பத்திரி. அதற்கும் கீழே: 'பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனி. நாளைக்கு எழுபது ரூபாய். எழுபத்தெட்டு நாள்.'

தாளைக் கிழிக்கப் போனேன்.

"கிழிச்சிராதீக," என்றார் பெர்சிஸ். "பிள்ளை கணக்குக் குடுத்திருக்கா. வெளிய உக்காந்து ஒவ்வொண்ணாப் பாருங்க."

வேப்பமரத்தடி பெஞ்சில் நானும் என் வீட்டுக்காரரும் பொன்மாரியும் உட்கார்ந்தோம்.

"ஊசி நூத்தி எம்பது. ஏட்டி, எனக்குப் போட்ட ஊசியையுமா சேத்து எழுதிருக்க?"

"எங்கிட்ட இருந்துதான பெரியம்மா உங்களுக்கு ஒட்டுச்சு."

"காய்ச்சலுக்குமா நீ பொறுப்பு? அடிச்சு விடு."

பேனாவால் அடித்தாள்.

"தீபாவளிப் பாவாடை முந்நூத்தி இருவது. நீ கேட்டியா?"

"இல்ல."

"மயில்கழுத்துக் கலர் எனக்குப் பிடிச்சுச்சு. ஆசைப்பட்டவ காசு குடுக்கட்டும். அடி."

"காலையில தெனம் நாலு இட்லியாம்," என்று என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பச்சைப் பொய். ஆறு!"

"பெரியப்பா!" அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வந்த புதுசுல ஒரு இட்லிய அரை மணி நேரம் பிச்சுக்கிட்டு இருப்ப," என்றேன். "ஆறாவது கேட்ட அன்னிக்குத் தெருப்பூரா சொன்னேன். அதுக்கு நான்தான் உனக்குக் குடுக்கணும். அடி."

அவள் சிரித்துக்கொண்டே வரிசையாக அடித்தாள். கடைசி வரி வந்ததும் கையை வைத்து மறைத்தாள்.

"அது என்ன?"

"பன்னெண்டு ரூவா. உங்க டப்பாவுல சொல்லாம எடுத்தேன். பஸ்சுக்கு. ஏழாயிரம்பண்ணையில வேலை கேக்கப் போனேன். வயசு பதினெட்டுன்னு சொன்னேன்."

"நம்புனாகளா?"

"சிரிச்சாக. லீவுக்கு வந்து பாருன்னாக."

"எதுக்குடி இதெல்லாம்?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடன் இல்லாம இருந்தா, போகச் சொல்ல மாட்டீகள்ல."

எனக்குக் கத்த வரவில்லை, முதல் தடவையாக. அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன்.

"போகச் சொல்றதுக்கா கூட்டியாந்தோம்? வேலைக்குப் போக வேண்டாம். ஆனா இந்தப் பன்னெண்டு கடன்தான். கேக்காம எடுத்த. குடு."

நிமிர்ந்தாள். வகுப்பில் கொடுத்த பஸ் காசிலிருந்து பன்னிரண்டு ரூபாயைச் சில்லறையாக என் கையில் எண்ணி வைத்தாள். நானும் ஒரு தடவை எண்ணினேன். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப லீவுக்கு நான் என்ன செய்ய?"

"தூங்கு," என்றார் என் வீட்டுக்காரர். "எங்க ரெண்டு பேருக்கும் சேத்துத் தூங்கு."

"சரி, ரசீது குடுங்க பெரியம்மா. காசு குடுத்தா ரசீது வாங்கணும்னு சிஸ்டர் சொல்லிருக்காக."

பேனாவை வாங்கி மெதுவாக எழுதினேன்: 'பன்னிரண்டு ரூபாய் வந்தது. பாக்கி இல்லை.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.