நாலு பக்கெட்

"இப்ப எத்தன பக்கெட்?"

"மூணு."

"பொய் சொல்லாதீங்கண்ணே. மூணு எப்படி இருக்கும்னு என் முதுகுக்குத் தெரியாதா?"

"மூணும் ஒரு சொம்பும். சொம்பு இலவசம். பேச்சைக் குறைச்சிட்டு கீழ போ. முட்டியைப் பார்க்காத. அது என்ன தொட்டில் பிள்ளையா, நிமிஷத்துக்கு ஒருதரம் குனிஞ்சு பார்க்க? நேரா தகரத்தைப் பாரு."

தகரத்தைப் பார்த்தேன். துருப்பிடித்த அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை. ஆணி ஓட்டைகள் வழியே நீல வெளிச்சம் குத்திக் குத்தி வந்தது. தோளில் எடையோடு கீழே போனேன். மேலே வந்தேன். வலது முட்டிக்குள் ஈரக் கயிற்றை முறுக்குவதுபோல ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்பது. வலி இல்லை. வலி இல்லாமல் போய் ஏழு வாரம் ஆகிவிட்டது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

எடைப் பயிற்சிக்கூடம் நடத்தும் வைசன் அண்ணன் பெண்களுக்கு எடையைக் கிலோவில் சொல்வதில்லை. அவர் வைத்திருப்பது பழைய இரும்புக் குழாய்கள், அவற்றின் இரு முனையிலும் பெயிண்ட் டப்பாக்களில் வார்த்த சிமெண்ட். எந்த இரண்டு டப்பாவும் ஒரே எடை இல்லை. ஒருமுறை மக்காச்சோள வியாபாரியின் தராசுக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் நிறுத்து, மேலே கரியால் எழுதிவைத்தார். அடுத்த மழை அழித்துவிட்டது. அதன்பிறகு ஆண்கள் கேட்டால் வாய்க்கு வந்த கிலோ. பெண்கள் கேட்டால் பக்கெட் கணக்கு. "எட்டு வயசுலேர்ந்து இருபது லிட்டர் பக்கெட்டைத் தலையில வச்சு இந்த மேட்டுல ஏறுறீங்க. உங்களுக்கு எதுக்குக் கிலோ?" என்பார். எங்கள் ஊர் நிதிராண்டேயில் இதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. மலைச்சரிவு முழுக்க வீடுகள், தண்ணீர்க் குழாய் கீழே.

போன வருஷம் ஆகஸ்டில், வலைப்பந்து ஆட்டத்தின் நடுவில், யாரும் தொடாமலே நான் விழுந்தேன். பந்துக்காகக் குதித்தேன், இறங்கினேன், முட்டி மட்டும் வேறு பக்கம் இறங்கியது. தசைநார் அறுந்த சத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டதாம். அதைவிட உரக்க நான் அழுதது கேட்டிருக்கும். இருபத்தைந்து வயதுப் பெண், மொத்த மைதானமும் பார்க்க, "அம்மா அம்மா" என்று புல்லைப் பிய்த்துக்கொண்டு அழுதேன். எங்கள் தெருக் குழந்தைகள் பல மாதம் அதை ஒரு விளையாட்டாகவே விளையாடினார்கள். ஒருத்தி விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். மற்றவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். யார் ஸியோனேயாக, அதாவது நானாக, இருப்பது என்று சண்டைகூட வரும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணன் லிம்பானியின் வீட்டில் இருந்தேன். அண்ணி ஃபலேசி என்னைவிட மூன்று வயது சின்னவள். முதல் இரண்டு வாரம் என்னைக் கழிப்பறைக்கு முதுகில் சுமந்து போனாள், பிள்ளைகளைக் கட்டுவதுபோலத் துணியால் இழுத்துக் கட்டி. "எனக்கு மொதப் பிள்ளை நீதான். பல்லு மொளைச்சே பொறந்திருக்க" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். சிரிக்கிறபோது அவள் முதுகு குலுங்கும், என் முட்டி வலிக்கும், நானும் சிரிப்பேன். என் குளியலுக்கு, என் துணிக்கு, என் குடிநீருக்கு அவள்தான் தண்ணீர் எடுத்தாள். பிறகு உண்மையாகவே பிள்ளை உண்டானாள். அப்போதும் எடுத்தாள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு.

ஏழு வாரத்துக்கு முன் மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற அம்மா என் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இனி எதையும் தூக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா எடையைக் கூட்டு. தடியை வீசிடு" என்றார். மினிபஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தபோது தடியை வீசுவதாகத்தான் இருந்தேன். வாசலில் ஃபலேசி காலி பக்கெட்டோடு நின்றாள். "என்ன சொன்னாங்க?" என்றாள். இன்னும் இரண்டு மாதம் எதையும் தூக்கக் கூடாதாம் என்று என் வாய் சொன்னது.

ஏன் சொன்னேன் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். குணமாகிவிட்டது என்றால் தெருவே என்னை மைதானத்துக்கு இழுக்கும். மறுபடி விழுந்தால் மறுபடி எல்லார் முன்னாலும் விழ வேண்டும். யாருக்கும் தெரியாமல் பயிற்சி செய்து, வலைப்பந்து க்ளப்புக்கு ஆள் எடுக்கும் தேர்வில் நின்று, ஜெயித்தால் சொல்லிக்கொள்ளலாம். தோற்றால், கால்தான் இன்னும் சரியாகவில்லையே. நல்ல காரணம்தான். ஆனால் ஃபலேசி காய்ச்சிய வெந்நீர் குளியலறைக்குள் வந்து இறங்குகிறபோது அந்தக் காரணம் என் ஞாபகத்தில் இருந்ததில்லை.

"சரி விடு. நான் இருக்கேன்ல" என்று அன்றைக்கு ஃபலேசி சொல்லிவிட்டுக் குழாய்க்குப் போனாள்.

எங்கள் தெருக்காரர்கள் யாரும் வராத பக்கமாகத் தேடித்தான் வைசன் அண்ணனின் இடத்தைக் கண்டுபிடித்தேன். சிநேகிதியின் தையல் கடையில் பட்டன் தைக்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது.

"ஒண்ணு ஏத்தட்டுமா?" என்றார் வைசன் அண்ணன்.

"ஏத்துங்க."

இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன டப்பாவை மாட்டினார். குழாய் என் கழுத்துக்குப் பின்னால் மெதுவாக வளைந்தது. "நாலு பக்கெட்!" என்று பட்டறைக்கே கேட்கும்படி கத்தினார். "பாருங்கய்யா, ஒட்டுப் போட்ட முட்டியில நாலு பக்கெட்! நீங்களும் இருக்கீங்களே, வெண்ணெய்க் காலுங்க!"

மூலையில் கைகளுக்கு எடை தூக்கிக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தொடை தரைக்கு இணையாக வந்தது. அப்போது தடுப்பில் கதவுக்குப் பதிலாகத் தொங்கிய சாக்கு விலகியது. கத்தல் கேட்டு யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் கீழே இருந்ததால் முதலில் தெரிந்தது வயிறு. பச்சைத் துணியில் மஞ்சள் மீன்கள். அந்தத் துணியை நான்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஃபலேசியின் இடுப்பில் கரியடுப்பு இருந்தது. மூன்று கால்களில் ஒன்று இல்லை.

நாலு பக்கெட்டைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கீழே இருப்பவளுக்கு எழுந்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. அவள் பார்த்துக்கொண்டிருக்க எழுந்தேன். நடுங்கவில்லை, முட்டி உள்ளே சாயவில்லை. இத்தனை வாரத்தில் நான் அவ்வளவு நன்றாக எழுந்ததே இல்லை.

"அதான்! அதான்!" என்று வைசன் அண்ணன் கை தட்டினார்.

குழாயை இறக்கி வைத்தேன். ஃபலேசி என் காலைப் பார்த்தாள். பிறகு தகரத்தில் சாய்த்து வைத்திருந்த என் தடியைப் பார்த்தாள்.

"அடுப்புக் கால் ஒடைஞ்சு போச்சு" என்றாள். "வெந்நீர் அடுப்பு. பட்டறையில பத்த வைக்கக் கொண்டாந்தேன்."

"அண்ணி..."

"நாளைக்குத் தர்றாங்களாம்." சாக்கு மறுபடி தொங்கியது.

"யாரு?" என்றார் வைசன் அண்ணன்.

"எங்க அண்ணி."

"நல்லாத் தூக்குனன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? முகத்தை அப்படி வச்சுக்கிட்டு."

வீட்டுக்கு நடந்தேன். தடியை ஊன்றுவதா, கையில் பிடித்துக்கொண்டு போவதா என்று தெரியவில்லை. பாதி வழி சாதாரணமாகத்தான் நடந்தேன். எங்கள் தெரு முனையில் மாவு உருண்டை பொரிக்கிறவள் தலை நிமிர்ந்ததும், நான் நினைக்காமலே, வலது கால் நொண்டத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தேன். அவள் பார்க்கிறாள் என்பதால் நிறுத்த முடியவில்லை.

முற்றத்தில் மூன்று கல் கூட்டி விறகில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. புகையில் ஃபலேசியின் கண்கள் சிவந்திருந்தன. புகையினால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பாதங்கள் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறது? தினம் அந்தப் பாதங்களுக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறேன்.

"தண்ணி ஊத்தியாச்சு. போய்க் குளி, ஆறிடும்."

"அண்ணி, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"உப்பு போட்டிருக்கேன். காலுக்கு."

வேறு எப்படியும் சொல்லவில்லை. தினமும் சொல்கிற அதே குரல். குளியலறைப் புல்தட்டிக்குள் நின்று அந்தத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ள முடியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கொட்டவும் முடியாது. கொட்டினால் அவள் சுமந்தது வீணாகும். கடைசியில் குளித்தேன். சொம்பு சொம்பாக, ஒரு துளி சிந்தாமல்.

இரவுச் சாப்பாட்டில் லிம்பானி களியை உருட்டிக்கொண்டே, "கால் எப்படியிருக்கு?" என்று கேட்டான். நான் நிமிர்வதற்குள் ஃபலேசி, "முன்னைக்கு இப்பத் தேவலையாம்" என்றாள். தட்டிலிருந்த இரண்டு மீனில் பெரியதை எடுத்து என் பக்கம் வைத்தாள். அவள் லிம்பானியிடம் சொல்லியிருந்தால் அவன் என்னைத் திட்டியிருப்பான், நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவள் அதை முடிய விடவில்லை. அல்லது நான் சொல்ல வேண்டியதை எனக்காக விட்டுவைத்திருந்தாள். எதுவென்று அவள் முகத்தில் தெரியவில்லை. மீனின் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டோரம் அடுக்கினேன்.

விடிந்தபோது மூலையில் பக்கெட் இல்லை. தடியைத் தொடாமல் வெளியே வந்து செம்மண் சரிவில் இறங்கினேன். மழைநீர் அரித்த பள்ளங்களைத் தாண்டித் தாண்டி, ஒரு கட்டத்தில் ஓடினேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஓடினேன் என்பதே குழாயடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அங்கே வரிசையில் யார் முந்தி என்று இரண்டு பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் என் காலைப் பார்க்கவில்லை.

ஃபலேசி ஓரமாக, எனக்கு முதுகு காட்டி, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியிருந்தாள். வயிறு மறு தொடையில் சாய்ந்திருந்தது. பச்சைத் துணியைச் சுற்றித் தலையில் சும்மாடு வைத்திருந்தாள். முன்னால் நிறைந்த பக்கெட். தண்ணீர் தளும்பாமலிருக்க மேலே ஒரு தட்டை மிதக்கவிட்டிருந்தாள். அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. என் காலடி கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. ஒரு கையால் சும்மாட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையை இடுப்பில் அழுத்திக்கொண்டு, பின்னால் வந்து நின்ற யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் தூக்கி விடுங்களேன்."