செருப்பு பார்க்கும் திசை

சந்திரலேகா முதல் வாக்கியத்தை அழித்தாள். ‘பென்னலூரில் பெண்களுக்கான பாதுகாப்பான விடுதி.’ முதலில் எடுத்தது ‘பாதுகாப்பான’ என்ற சொல்லை. மின்கம்பத்து நோட்டீஸ்களில் எல்லாம் அதுதான் இருக்கிறது. அதை எடுத்ததும் மீதி வெறும் முகவரியானது. மீதியையும் எடுத்தாள். கல்லூரியில் கொடுத்த அரசு மடிக்கணினியின் திரை மறுபடி வெள்ளையானது. இலக்கியம் படித்தவள். ஒரு சொல் கூடுதலாக நின்றாலும் அவளால் அதைத் தாண்டிப் போக முடியாது.

விடுதிக்காரி ஞானம்மா தேநீர் கொண்டுவந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, நேத்து நாலு வரி இருந்துச்சே?”

“சரியில்ல ஆன்ட்டி. அழிச்சிட்டேன்.”

“எழுத எழுத கம்மியாகினே போவுது. நல்ல வேலைதான் போ.”

பக்கத்திலிருந்த செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலை மூடப்பட்டதும் விடுதி பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. பெண்கள் பெட்டியோடு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அதே தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த சந்திரலேகா மட்டும் தன் ஊரான சங்கரன்கோவிலுக்குத் திரும்பவில்லை. வேறு வேலை கிடைக்கும்வரை ஞானம்மா அவளை வைத்துக்கொண்டாள். பதிலுக்கு விடுதியைப் பற்றி இணையத்தில் எழுத வேண்டும். தெற்கிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் இப்போது போனில் தேடிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள் என்று ஞானம்மாவின் மகன் ஜோயல் பெங்களூரிலிருந்து சொல்லியிருந்தான். வலைப்பூவையும் அவனே தொடங்கிக் கொடுத்தான். தொடங்கி இரண்டு மாதமாகிறது. அதில் இன்னும் ஒரு பதிவும் இல்லை.

“மாசக் கடைசிக்குள்ள மூலை ரூமாவது ரொம்பட்டும்” என்றாள் ஞானம்மா. “இல்லன்னா அந்தத் தாண்டவராயனுக்குக் குடுத்துட வேண்டியதுதான். நான் இன்னா பண்றது சொல்லு.”

தாண்டவராயன் ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர். ஆண்களைத் தங்கவைக்க முழுக் கட்டடத்தையும் குத்தகைக்குக் கேட்டிருந்தார். கொடுத்தால் மிச்சமிருக்கும் பெண்கள் எல்லாரும் வெளியே. சந்திரலேகாவும்தான்.

மறுநாள் மதியம் அவர் அளவு டேப்போடு வந்தார். மாடி நடையில் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அங்கே தங்கியிருக்கும் இசக்கியின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே அவள் செருப்பு சுவரைப் பார்த்துக் கிடந்தது. மூன்று ஷிப்டுகளிலும் வேலைக்குப் போகிறவர்கள் வாழும் இடத்தில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் இப்படி ஒரு வழக்கம். செருப்பு சுவரைப் பார்த்தால் உள்ளே தூக்கம். படிக்கட்டைப் பார்த்தால் தட்டலாம். யார் தொடங்கியது என்று தெரியாது. புதிதாக வருகிறவளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். தாண்டவராயன் செருப்பைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவை இடித்தார்.

வயர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த இசக்கி அவிழ்ந்த தலையோடு வந்தாள். “யாரு நீரு? செருப்பு கெடக்கது கண்ணு தெரியலியோ?”

“செருப்புக்கு இன்னாம்மா? எல்லா வூட்டாண்டயும்தான் கீது.” அவர் ஞானம்மாவிடம் திரும்பினார். “கட்டில் மேல கட்டில் போட்டா ரூமுக்குப் பத்துப் பேர் அடங்குவான். திங்கக்கெழம வரேன், பேசி முடிச்சுக்கலாம்.”

அவர் இறங்கிப் போனதும் இசக்கி சந்திரலேகாவைப் பார்த்தாள். “ஏட்டி, நீ மொத வரி எழுதி முடிக்கதுக்குள்ள அவன் கட்டில இறக்கிருவான் பாத்துக்கோ.”

சந்திரலேகா படிக்கட்டிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். ‘எங்கள் விடுதியில் கதவைத் தட்டுமுன் செருப்பைப் பார்ப்போம்’ என்று தொடங்கினாள். வழக்கத்தை எழுதினாள். நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது, தீர்ந்துபோனால் சண்டை வரும் என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, ஞானம்மா காரத்தைக் குறைக்கமாட்டாள் என்று எழுதினாள். கடைசிப் பத்தி நொண்டியது. ‘நம்பி வரலாம்’ இரண்டு இடத்தில் இருந்தது. விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அதே விரலால் பதிவை வெளியிட்டு மடிக்கணினியை மூடினாள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய இசக்கி போனை நீட்டிக்கொண்டே படியேறினாள்.

“ஏட்டி லேகா, படிக்கட்டப் பாத்து செருப்பு கெடந்தா தூங்குதாங்கன்னு எழுதிருக்க. தலகீழால்லா இருக்கு! நீ எழுதுனபடி தட்டுனா நம்ம விடுதியில ஒருத்தியும் தூங்க முடியாது.”

சந்திரலேகா வாங்கிப் படித்தாள். தலைகீழாகத்தான் இருந்தது. தினமும் பார்க்கும் செருப்பு. முகம் சுட்டது. பதிவையே எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. திருத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த வரியைத் திறந்தால் நொண்டும் பத்தி கண்ணில் படும். பத்தியைத் தொட்டால் முதல் வாக்கியம். சாயங்காலத்துக்குள் திரை வெள்ளையாகிவிடும். தன் கை அவளுக்குத் தெரியும். புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். ‘நேற்று செருப்பின் திசையை மாற்றி எழுதிவிட்டேன். சுவரைப் பார்த்தால்தான் தூக்கம்’ என்று எழுதி, அதன் கீழேயே எந்தக் கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று தொடர்ந்தாள். தேநீர் ஆறுமுன் வெளியிட்டாள். அடுத்த நாள் இன்னொன்று. அதற்கடுத்த நாளும். சில பதிவுகள் மோசம். எவை என்று அவளுக்குத் தெரியும். விசாரித்துப் போன் எதுவும் வரவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளும் இசக்கியும் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். கீழே ஞானம்மா தேவாலயப் புடவையை மாற்றாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மூலை ரூமுக்கு ஒரு பொண்ணு வந்துகீது. தென்காசியாம். கூட வேலைக்குச் சேர்ற ரெண்டு பேராண்ட இங்க வராங்களான்னு கேட்டுச் சொல்றேன்னுச்சு. சொல்லுமோ இன்னாமோ.”

“அப்ப நாளைக்குத் தாண்டவராயன் வந்தா?” என்று கேட்டாள் சந்திரலேகா.

“வரட்டும், பாப்போம்.” ஞானம்மா தலை நிமிரவில்லை.

மாடியில் மூலை அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே ஒரு ஜோடிச் செருப்பு படிக்கட்டைப் பார்த்துக் கிடந்தது.

“முழிச்சுத்தான் கெடக்கா. யாருன்னு பாப்பம்” என்று இசக்கி கையை ஓங்கினாள்.

சந்திரலேகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“தூங்குதா, தட்டாத” என்றாள் மெதுவாக.

“செருப்பு இங்கனல்லா பாக்கு?” என்று சொல்ல வந்த இசக்கி பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

சந்திரலேகா குனிந்து செருப்பைத் திருப்பக் கையை நீட்டினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். அவை அவசரமாகக் கழற்றிப் போட்டவை அல்ல. முதல் பதிவைப் படித்த யாரோ, பார்த்து, ஒன்றோடொன்று சேர்த்து, நேராக வைத்திருந்தார்கள்.