சனிக்கிழமை ஸ்பாஞ்சு

1.

இது ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் எதிர்வீட்டு சுகிர்தம் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார்.

"அண்ணாச்சி, குடிதண்ணி ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க. அவுக விடுத தண்ணியில எங்க வீட்டு மீனெல்லாம் செத்துச் செத்து மெதக்கு. ஆறு கெடந்ததுல ஒண்ணுதான் மிச்சம்."

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதிக்கொண்டேன். அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. அதன் மிச்சம்தான் நீங்கள் இப்போது படிப்பது.

2.

கதையாக்கலாம் என்று உட்கார்ந்தபோது வந்த தொடக்கங்கள்:

எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து புகை கவிந்த ஒரு மாலையில் சுகிர்தம் —

(விட்டுவிட்டேன். புகை வந்தால் கூடவே குற்றவாளியும் வந்துவிடுவான்.)

தண்ணீர் லாரி ஜோ குழாயைச் சுருட்டித் தோளில் போட்டபடி —

(ஜோவையும் திருப்பி அனுப்பிவிட்டேன். பாவம், அவர் கொண்டுவரும் தண்ணீர் அந்த மீன் தொட்டிப் பக்கமே போனதில்லை.)

எங்கள் பக்கத்தில் பழி போட ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. காற்று இருக்கிறது, கடல் இருக்கிறது, குழாய் இருக்கிறது. பாதி வேளை அந்தப் பழி சரியாகவும் இருந்துவிடும். அதுதான் சிக்கல். வீட்டுக்குள் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

3.

சுகிர்தத்தின் கணவர் தங்கப்பாண்டியை முதல் வரைவில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் மனிதர் அப்படி இல்லை.

தண்டையார்பேட்டையில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்தவர். போன மார்கழியில் வலப்பக்கம் இழுத்துவிட்டது. கால் தேறிவிட்டது, கை மூடவில்லை. மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். "நான் என்ன கைப்பிள்ளையா, பந்து வச்சு வெளையாட?" அதன்பிறகு நாள் முழுக்க நாற்காலிதான். மகள் மகிமா பெங்களூருக்கு வேலைக்குத் திரும்புமுன், அப்பா பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் என்று மீன் தொட்டியும் ஆறு தங்கமீன்களும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

கடை இருந்த காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் தராசு, தட்டு, தரை எல்லாவற்றையும் கழுவித் தள்ளினால்தான் ஞாயிறு கோயிலுக்குப் போக அவருக்கு மனம் வரும். ஜூலையின் முதல் சனிக்கிழமை அவர் கண்ணில் பட்டது தொட்டியின் பில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சு. பழுப்பேறி, கொழகொழவென்று.

"ஏட்டி, என்னது இது, இம்புட்டுக் கலீஜா* இருக்கு? இதுலயா ஜீவன் கெடக்கும்?"

எழுந்தார். குழாயடியில் பிளீச்சிங் பவுடர் ஒரு சிட்டிகை போட்டு இடது கையால் பிழிந்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, வலது கையால். முதல் வாரம் விரல்கள் பாதிதான் மடங்கின. நாலாவது சனிக்கிழமை ஸ்பாஞ்சு வெள்ளை வெளேரென்று வந்தது. அன்று காப்பி டம்ளரை வலது கையால் பிடித்துக் குடித்தார்.

(* முப்பது வருஷம் இங்கே கடை வைத்தும் அவர் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. வடசென்னையிலிருந்து ஒட்டிக்கொண்டது இந்த ஒரு சொல்தான்.)

4.

கடிதத்துக்கு வருகிறேன். நான் படித்த சிற்றூர்ப் பள்ளியில், தேதியோடு கிழமை எழுதாத கடிதத்துக்குப் பத்தில் இரண்டு மதிப்பெண் போய்விடும். பழக்கம் விடவில்லை. சுகிர்தம் காலண்டரில் பென்சிலால் சுழித்திருந்த தேதிகளைச் சொல்லச் சொல்ல, நான் கிழமையோடு எழுதினேன்.

ஜூலை 7, திங்கள் — இரண்டு.
ஜூலை 14, திங்கள் — ஒன்று.
ஜூலை 22, செவ்வாய் — ஒன்று.
ஜூலை 28, திங்கள் — ஒன்று.

சுகிர்தம் தாளை வாங்கிப் பார்த்தார். திங்கள், திங்கள், செவ்வாய், திங்கள். குழாயில் தண்ணீர் தினமும்தானே வருகிறது? மீன் மட்டும் ஏன் சனிக்கிழமை கழிந்தே சாகிறது?

"கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சி" என்றார்.

5.

மறுநாள் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் வளர்ப்பு மீன் விற்கும் கார்குழலியிடம் போனார். (பேருந்தில் அவர் என்ன நினைத்தார் என்று அரைப்பக்கம் எழுதி அடித்துவிட்டேன். எனக்கெப்படித் தெரியும்?)

"இன்னாக்கா, கொயம்பு எடுத்தாந்தியா?"

"வெளையாடாதம்மா. இது கொழாத் தண்ணி, இது தொட்டித் தண்ணி."

கார்குழலி இரண்டு கண்ணாடிக் குழல்களில் ஊற்றி சோதனை மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டார். குழாய்த் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. தொட்டித் தண்ணீர் பச்சையானது.

"கொயா மேல தப்பில்லக்கா. உன் தொட்டிதான் பேஜாரு. மீனு போற அசிங்கமே வெசமாயி அத்தக் கொல்லுது. ஸ்பாஞ்ச இன்னா பண்றே?"

"வாராவாரம் பிளீச்சிங் போட்டு, வெள்ளையா…"

"அய்ய! அந்தக் கலீஜுலதான்க்கா மீனு உசுரே கீது! கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்கோ அதுல குடித்தனம் பண்ணிகினு, அந்த வெசத்தத் துண்ணுகினு கீதுங்கோ. நீ வாராவாரம் அதுங்க வூட்ட இடிச்சுக் கடாசிட்டா மீனு எப்டிப் பொயைக்கும்? யாரு உனுக்கு இந்த வேலைய சொன்னது?"

"நான்தாம்மா" என்றார் சுகிர்தம். "தெரியாமக் கழுவிட்டேன்."

கார்குழலி தன் தொட்டியிலிருந்து பழுப்பேறிய ஸ்பாஞ்சு ஒன்றைப் பாலிதீன் பையில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தார். "இத்த வெய்யி. கொயாத் தண்ணி காட்டாத. எப்பனா ஒருதபா தொட்டித் தண்ணிலயே லேசா அலசு, போதும். இன்னொருக்கா வெள்ளையாக்கினே, கடைசி மீனும் காலி."

6.

முடிவு ஒன்று: சுகிர்தம் இரண்டாவது ஸ்பாஞ்சு வாங்குகிறார். பழுப்பு ஸ்பாஞ்சு பில்டருக்குள் பத்திரம். மற்றதைச் சனிதோறும் தேயிலைத் தண்ணீரில் முக்கிக் கலீஜாக்கிக் கணவரிடம் நீட்டுகிறார். அவர் பிழிகிறார். கையும் பிழைக்கிறது, மீனும் பிழைக்கிறது.

(இரண்டு நாள் இதில் மயங்கிக் கிடந்தேன். ஆனால் மூட்டைக்குள் கைவிட்டே அரிசியில் கலப்படம் சொன்னவர் அவர். தேயிலை மணம் தெரியாதா? தெரிந்த அன்றைக்கு செத்த மீன்களோடு சேர்த்து மனைவி சொன்ன பொய்யும் அவர் கையில் இருக்கும்.)

முடிவு இரண்டு: சுகிர்தம் கடிதத்தை அவரிடம் கொடுக்கிறார். அவர் படிக்கிறார். மூன்றாவது வரிக்கு முன்பே அவருக்குப் புரிந்துவிடுகிறது. படித்துவிட்டு வலது கையை மெல்ல —

(இங்கே நின்றுவிட்டது. ஐந்து மீன்களை அந்தக் கைதான் கொன்றது என்று தெரிந்தபின் அது எதையாவது மறுபடி பிழியுமா? நாற்காலிக்கே போய்விட்டால்? என்னால் எழுத முடியவில்லை.)

7.

சனிக்கிழமை, மாலை நான்கு மணி. என் வாசலிலிருந்து பார்த்தால் அவர்கள் முன்னறை தெரியும். மிச்சமிருக்கும் மீன் தண்ணீருக்கு மேலே வாயை வாயைத் திறக்கிறது. தங்கப்பாண்டி சட்டைக் கையை மடித்துவிட்டு வலது கையை நீட்டுகிறார். விரல்கள் நன்றாகவே விரிகின்றன.

"ஏட்டி சுகிர்தம், ஸ்பாஞ்ச எடு. நாளைக்குக் கோயிலுல்லா?"

சுகிர்தத்தின் ஒரு கை, கார்குழலி தந்த பழுப்பு ஸ்பாஞ்சு உள்ளே கிடக்கும் தொட்டியின் மூடி மேல் இருக்கிறது. மற்றக் கையில் நாலாக மடித்த என் கடிதம். அதில் குடிநீர் அலுவலகம் என்று இருந்ததை நான் அப்போதே அடித்துவிட்டேன். பெறுநர் என்பதற்குக் கீழே மூன்று வரி காலியாக இருக்கிறது.

அதை நீங்கள் நிரப்புங்கள். வேண்டாமென்றால் கடிதத்தைக் கிழித்துவிட்டுத் தேயிலையைக் கொதிக்கவையுங்கள். எதுவானாலும் கொஞ்சம் சீக்கிரம். அவர் இன்னும் கையை நீட்டிக்கொண்டேதான் நிற்கிறார்.