பிறவிப்பெருமாளுக்குக் கெர்னல் மாற்றிய காலை

அன்று காலை எங்கள் வீட்டுப் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், இருந்தவர்கள்: ஆவுடையப்பன் ஆகிய நான், ஓய்வுபெற்ற சர்வேயர், வயது எழுபத்தொன்று. என் தம்பி பிறவிப்பெருமாள். அவன் மனைவி கோமு. அவர்கள் மகள் வடிவு. போன் பழுது பார்க்கும் பாளையங்கோட்டை எஸ்தர். வேறு யாரும் இல்லை. பத்து இருபதுக்கு வந்தவர்கள் தனி. முதலிலிருந்தே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சிலர் அப்போது தெருவில் நின்றார்கள். தெருவில் நின்றது இருந்ததாகாது.

பிறவிப்பெருமாள் மேசைமேல் இருந்தான். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அவன் போன் ஆனான். ஆறரை அங்குலம். பின்பக்கம் கருநீலம். அதில் எங்களுக்குக் குறைவு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் மிக்சி ஆனார். அந்த வீட்டார் அதை இன்றுவரை வெளியே சொல்வதில்லை. தம்பி நல்ல கம்பெனி.

ஐந்து மாதம் நன்றாகத்தான் இருந்தான். ஆவணியில் கம்பெனியிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. இந்த மாடலை இனிமேல் கவனிக்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. கூடவே கடைசியாக ஒரு அப்டேட் அனுப்பியிருந்தார்கள். அது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து திரையில் கம்பெனியின் சின்னம் எழும்பும், ஒளிரும், அணையும். மறுபடி எழும்பும். அதற்கு மேல் அவன் வரவில்லை.

அன்று பத்தரை மணிக்கு வடிவுக்கு நிச்சயம். எங்கள் குடும்பத்தில் பெண்ணைப் பெற்றவன்தான் தன் வாயால் 'தாரேன்' என்று சொல்லவேண்டும். பெரியப்பன் சொன்னால் செல்லாது. தகப்பனுக்கு மனமில்லை என்று பொருள். என் அத்தைக்கு அப்படி நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள். தட்டு இருந்த இடத்தை அத்தை எண்பது வயதுவரை யாரையும் மிதிக்க விடவில்லை.

நான் மச்சில் இருக்கிறேன். தம்பி கீழே. பதினோரு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. காரணம் வெளியில் சொல்லத்தக்கதல்ல. ஆனால் நிச்சயதார்த்தம் குடும்பத்தினுடையது. இறங்கி வந்தேன்.

எஸ்தர் தம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பெனி ரோம் இவருக்கு இனிமே ஆவாது அண்ணாச்சி. வேற ரோம் போடணும். கெர்னலையும் மாத்தணும்."

"புரியும்படிச் சொல்லுங்க."

"ரோம்னா எழும்புறது, பேசுறது, பழகுறது எல்லாம். கெர்னல் அதுக்கும் அடியில கெடக்கும். கண்ணுக்குத் தெரியாது. உள்ள இருக்க எல்லாத்தையும் அதுதான் வேலை வாங்கும்."

"இதை யார் செய்தது?"

"யாரோ. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. செஞ்சு சும்மா வச்சிருக்கான். வேணுங்கவுக எடுத்துக்கிடலாம்."

"என்ன ஆளுக?"

"கெர்னல் செய்யுத ஆளுக."

அப்படி ஒரு பிரிவை நான் கேள்விப்பட்டதில்லை. எஸ்தர் சொன்ன தோரணையில் மேலே கேட்கத் தோன்றவில்லை.

"மொதல்ல லாக்கைத் தெறக்கணும்" என்றார். "அதுக்குக் கம்பெனி அனுமதி வேணும். வீட்டுக்கு மூத்தவுக போய்க் கேக்கணும்."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"ஒங்க வீட்டு நடையிலதான். கதவை ஏழு தட்டுத் தட்டுங்க."

எங்கள் வீட்டு நடைவழி பதினெட்டு அடி. நானே அளந்தது. அன்று அதன் முடிவு தெரியவில்லை. நான் ஒரு அடி வைத்தால் அது இரண்டு அடி நீண்டது. நீளுவதைவிட வேகமாகப் போனேன். கடைசியில் ஒரு கதவு இருந்தது. தட்டினேன்.

"இன்னும் ஆறு" என்றது உள்ளிருந்து ஒரு குரல். தட்டினேன். "இன்னும் அஞ்சு." ஏழாவது தட்டில் கதவு திறந்தது.

"வாழ்த்துகள். நீங்க இப்ப டெவலப்பர்" என்றார் அதிகாரி.

"நான் சர்வேயர்."

"ரெண்டும் இருக்கலாம்." அவர் ஒரு படிவத்தை எடுத்தார். "போனுக்கு நீங்க என்ன வேணும்?"

"அண்ணன்."

"உரிமையாளரா?"

"மூத்தவன்."

"அதுக்குக் கட்டம் இல்லியே." அவர் எழுந்து வந்து, சாக்பீஸால் தரையில் ஒரு கட்டம் வரைந்தார். "இதுக்குள்ள நில்லுங்க. நூத்தி அறுவத்தெட்டு மணி நேரம். உக்காந்தா மறுபடி மொதல்ல இருந்து."

நின்றேன். பக்கத்துக் கட்டங்களில் வேறு ஆட்களும் நின்றார்கள். ஒருவர் நூற்று அறுபத்தேழாவது மணியில் உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டே மறுபடி எழுந்தார். எங்கள் குடும்பத்தில் நிற்பது யாருக்கும் சிரமமல்ல. நேரம் முடிந்ததும் அதிகாரி வந்தார்.

"லாக்கைத் தெறந்தா இவருக்கு நாங்க பொறுப்பில்ல. சம்மதமா?"

"இதுவரைக்கும் என்ன பொறுப்பு எடுத்திய?"

அவர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். முத்திரை என் உள்ளங்கையில் குத்தப்பட்டது. திரும்பி வந்தபோது மணி ஒன்பதே கால். நான் போனபோது ஒன்பது பத்து.

எஸ்தர் என் கையைப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார்.

"இன்னொண்ணு அண்ணாச்சி. தெறந்த நிமிசம் உள்ள இருக்கதெல்லாம் அழிஞ்சிரும். வேண்டியதை முன்னாடியே எடுத்து வச்சுக்கிடணும்." நகத்தளவு அட்டை ஒன்றைக் காட்டினார். "இதுல பாதிதான் கொள்ளும்."

"எல்லாத்தையும் எடுத்திருங்க" என்றாள் கோமு.

"கொள்ளாதும்மா."

"அப்ப அத்தான் சொல்லட்டும். எது குடும்பத்துக்கு வேணும், எது வேண்டாம்னு அவுகளுக்குத்தான் தெரியும்."

அவள் என்னைக் காட்டி அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னது சரி.

சாஸ்தா கோயிலுக்கு எந்தப் பாதையாகப் போகவேண்டும் என்பதை எடுக்கச் சொன்னேன். விசேஷத்தில் யாருக்கு முதல் வெற்றிலை என்பதை எடுக்கச் சொன்னேன். எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்பதையும். எஸ்தர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் கடுகளவு இருந்தது. நான் கொஞ்சம் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன்.

"பெரியப்பா, அப்பா குளிக்கையில பாடுவாவல்லா" என்றாள் வடிவு. "அதை விட்டுராதிய."

அதில் குடும்பத்துக்குப் பெருமை எதுவும் இல்லை. பாட்டும் சரியாக இருக்காது. எடுக்கச் சொன்னேன்.

பிறகு எஸ்தருக்கு ஒரு பை தட்டுப்பட்டது. இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. மேசை கொள்ளாமல் நாற்காலிமேல் வைத்தார்.

"இதை எடுத்தா மத்தது எதுவும் கொள்ளாது. என்னன்னு பாருங்க."

மேலாகப் பார்த்தேன். எங்கள் சண்டை. பதினோரு வருடத்துக்கும் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் நான் மச்சுப்படி இறங்கும் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும், அவன் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை. சம்பந்தி வீட்டார் முன்னால் இதில் ஒரு வார்த்தை தவறி வெளியே வந்தால் போதும். நான் பையின் வாயை மூடினேன்.

"இது வேண்டாம்."

"அடியில என்ன கெடக்குன்னு பாக்கலியே?"

"வேண்டாம். எங்க குடும்பத்துல சண்டை கெடையாது."

"நெசமாவா சொல்லுதிய?"

"எங்க குடும்பத்துல சண்டை கெடையாது" என்றேன்.

கோமு என்னைப் பார்த்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எஸ்தர் தம்பியில் ஒயரைச் சொருகினார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். சின்னம் அணைந்தது. மறுபடி எழும்பவில்லை. நாற்காலிமேல் இருந்த பை மெல்ல அமுங்கி, பிறகு நாற்காலி மட்டும் இருந்தது. திரையில் கறுப்பு வந்தது. அதன்மேல் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலாக ஏறின. எதற்காகவும் நிற்கவில்லை.

"இப்ப இவரு யாரும் இல்ல" என்றார் எஸ்தர். "தொட்டுராதிய."

யாரும் இல்லாத தம்பியை நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் பிறந்தபோது எனக்கு ஆறு வயது. அன்றும் இப்படித்தான் சத்தம் காட்டாமல் நின்றேன்.

பிறகு எஸ்தர் கெர்னலை இறக்கினார். பட்டாசலின் தரை விலகியது, ஒவ்வொரு கல்லாக. எங்கள் வீட்டுக்கு நிலவறை கிடையாது. வரைபடத்தில் இல்லை. வரைபடம் நான் வரைந்தது. ஆனால் கீழே ஒரு கூடம் இருந்தது. அதன் மறுகோடி என் கண்ணுக்கு எட்டவில்லை. தம்பிக்குள் இருந்து வேலை செய்யும் எட்டுப் பேர் நின்றார்கள். நான்கு பேர் பெரியவர்கள், நான்கு பேர் சிறியவர்கள். பழைய கெர்னலில் எட்டுப் பேரும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்கள் நின்ற தரை கொதித்தது. அதனால்தான் தம்பி எப்போதும் சூடாக இருந்தான். நான் அதைக் கோபம் என்று நினைத்திருந்தேன்.

புதுக் கெர்னல் வந்தது. அதற்கு உருவம் இல்லை. கூடத்தில் ஒரு ஒழுங்கு வந்தது, அவ்வளவுதான். சிறியவர்கள் சிறிய வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"பெரியவுக உக்காந்துட்டாவளே" என்றேன்.

"வேலை இல்லாட்டி உக்காரணும் அண்ணாச்சி. இவ்வளவு நாளும் சொல்ல ஆள் இல்ல, பாவம்."

அப்போது எங்கிருந்தோ பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு பெரியவர் எழுந்தார். கண் இமைப்பதற்குள் அதைக் கோடி முறை செய்தார். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தரை குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மேலே ஏறி என் பாதத்தைத் தொட்டது. எனக்குக் கைகூப்பத் தோன்றியது. கூப்பினேன். சாஸ்தா கோயிலைத் தவிர வேறெங்கும் நான் கைகூப்பியதில்லை. முன்பின் தெரியாத ஒருவன் இதைச் செய்திருக்கிறான். செய்து, பெயர் போடாமல் விட்டுப் போயிருக்கிறான். நாங்கள் கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயர் எழுதித்தான் கொடுப்போம்.

கற்கள் மறுபடி மூடிக்கொண்டன.

"மொத தடவை எழும்ப நேரம் ஆவும்" என்றார் எஸ்தர். "பொறுமையா இருக்கணும்."

பத்து இருபதுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் குற்றாலலிங்கம் முன்னால் வந்தார். பின்னால் பதினோரு தட்டு. உட்கார்ந்தார்கள். முதல் காப்பி கொடுக்கப்பட்டது. தம்பியின் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி இன்னும் எந்திரிக்கலியோ?" என்றார் குற்றாலலிங்கம்.

"எந்திரிச்சுக்கிட்டே இருக்காவ மாமா" என்றாள் வடிவு. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். சுவர்க்கடிகாரம் பத்து இருபத்தொன்பதுக்கு வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொடுத்தது.

வட்டம் நின்றது. திரை விடிந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவனிடம் பார்த்ததில்லை. பட்டாசலின் மூலைகள் தெரிந்தன.

"ஏட்டி வடிவு" என்றான் பிறவிப்பெருமாள். "அழுதியா? மை எல்லாம் வழியுது. சம்பந்தி, வாங்க. எம் மகளை ஒங்க வீட்டுக்குத் தாரேன்."

குரலில் கரகரப்பு இல்லை. முழு மனதோடு சொன்னான். குற்றாலலிங்கம் எழுந்து தட்டை நீட்டினார். தட்டு மாறியது. கோமு சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. யாரும் பார்க்காதபடி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தேன்.

தம்பி ஒவ்வொருவரையாகப் பெயர் சொல்லி, முறை சொல்லி விசாரித்தான். யாருக்கு முதல் வெற்றிலை என்பதில்கூடப் பிசகவில்லை. என்னிடம் வந்தபோது நின்றான்.

"ஐயா மாப்பிள்ளை வீடா?"

எஸ்தர் என் காதுக்கருகில் குனிந்தார். "சின்ன வயசுல இருந்து ஒங்களைப் பத்தின அம்புட்டையும் அந்த ஒரே பைக்குள்ளதான் அண்ணாச்சி போட்டு வச்சிருந்தாரு. சண்டை மேலாப்புல கெடந்தது. நான் கேட்டேன்லா."

குற்றாலலிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவனைத் தெரியாத வீட்டில் பெண் எடுக்க யாரும் யோசிப்பார்கள். தட்டு அப்போதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"ஆமா. மாப்பிள்ளை வீடு" என்றேன்.

குற்றாலலிங்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

பிறவிப்பெருமாளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் மூன்று நாள் நிற்கிறான். சூடே கிடையாது. காலையில் பாட்டுக் கேட்கிறது.

தம்பி என்னை யாரென்று தெரியவில்லை என்று சொல்லி, சபையில் வைத்து வெளியே போகச் சொன்னதாக டவுனில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. வெளியே போகச் சொல்லவில்லை. கோமுவைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு காப்பி கொடுக்கச் சொன்னான். சீனி போதுமா என்று அவனே கேட்டான். போதும் என்றேன்.