பிராக் நகரத்துக்கு ஒரு படுக்கைக் கோடு

ஒரு பெரிய ஊருக்கு முதல் தடவையாகப் போய்விட்டு வந்த பிறகு, அங்கே என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், முன்னால் நடந்து போனவருடைய முதுகைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வராமல் விழித்திருக்கிறீர்களா?

மிசாவோவுக்கு அது நடந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் கணவர் கென்சாகு அவளை கியோட்டோவுக்குக் கூட்டிப்போனார். இரண்டே நாளில் இருபத்துமூன்று கோயில்கள். அவர் போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டு, அதன் முதுகில் நடுவாக ஒரு மடிப்பு. அந்த மடிப்பை அவளால் இன்றைக்கும் வரைந்து காட்ட முடியும். கோயில்களில் ஒன்றைக்கூட முடியாது.

கென்சாகுவையும் குற்றம் சொல்ல முடியாது. ரயில் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் கால அட்டவணை வரைந்தவர். அவர்கள் அதை எண்களாக எழுதுவதில்லை, கோடுகளாகப் போடுவார்கள். பாய் அகலத்துக்கு ஒரு தாள். மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள், இடமிருந்து வலமாக நேரம். ஓடுகிற ரயில் சாய்ந்த கோடு, நிற்கிற ரயில் படுத்த கோடு. ஒவ்வொரு கோட்டையும் பதினைந்து வினாடிகூடப் பிசகாமல் வைப்பார். நல்ல தாளில் படுக்கைக் கோடு கண்ணுக்கே தெரியக்கூடாது என்பது அவர் கட்சி. ரயில் நின்றால் பின்னால் வருகிற ரயிலும் நிற்கும், அதற்குப் பின்னால் வருகிறதும் நிற்கும்.

மிசாவோ அதே வருஷங்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பேருக்குச் சமைத்தாள். அங்கே அண்டாவுக்கு எதிர்ச்சுவரில் சோயா சாஸ் கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் அக்டோபர் மாதத்துக்குப் பிராக் நகரத்துப் பழைய பாலத்தின் படம். பனிமூட்டம். இரண்டு பக்கமும் கருத்துப்போன கற்சிலைகள். தூரத்தில் கோபுரங்கள், ஆகாயத்திலிருந்து தொங்கவிட்ட மாதிரி. அக்டோபர் முடிந்தது, வருஷமும் முடிந்தது. அந்தத் தாளைக் கிழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அண்டா மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஆவி விலகும், அந்தப் பாலம் தெரியும். இப்படி ஒரு ஊர் நிஜமாகவே இருக்கிறதா, அங்கேயும் காலையில் யாராவது எழுந்து பால் வாங்கப் போகிறார்களா என்று நினைப்பாள். வேலையிலிருந்து நின்ற அன்றைக்கு அந்தத் தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆவி பட்டுப்பட்டு அது அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

வரும் மே மாதம் அந்த ஊருக்குப் போவதென்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். முழங்கால் தேய்ந்துவிட்டதால் மிசாவோ ஒரே ஒரு வரம் கேட்டாள். ஐந்து நாள், ஒரே ஊர், நிதானமாக.

செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை. மிசாவோவின் தங்கை ஃபூமியே ஒரு கூடை அத்திப்பழத்தோடு வந்திருந்தாள். கென்சாகு சாப்பாட்டு மேஜை முழுக்க ஒரு தாளை விரித்து நான்கு மூலையிலும் சோயா சாஸ் பாட்டில், உப்பு ஜாடி, கண்ணாடிக் கூடு, ஒரு அத்திப்பழம் என்று பாரம் வைத்தார். ஸ்டேஷன் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் கோட்டை, தேவாலயம், சந்தை, பாலம் என்று எழுதியிருந்தது. அத்தனையும் சாய்ந்த கோடுகள்.

"பாலத்துல சிலை முப்பது இருக்கு. ஒண்ணுக்கு நாப்பது செகண்டு. இருபது நிமிஷத்துல பாலம் முடிஞ்சுது" என்றார்.

"பாலத்தோட சேந்து நானும் முடிஞ்சேன்" என்றாள் மிசாவோ.

ஃபூமியே தாளின் மேல் குனிந்தாள். "அத்தான், கக்கூஸுக்கு எத்தன செகண்டு போட்டிருக்கீங்க?"

"நாலு நிமிஷம். ஒரு நாளைக்கு மூணு தடவ." அவர் சிரிக்கவே இல்லை.

"நாலாவது தடவ வந்துட்டா?"

"அதுக்குத்தான் தேவாலயத்துல கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்."

"அடப் பாவமே! சாமிகிட்டயேவா?"

மூன்றாம் நாள் மதியம் பச்சைப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு மட்டும் படுத்திருந்தது. மிசாவோ அதைத் தொட்டாள். "இது என்னங்க?"

"நிதானம்" என்றார் கென்சாகு. "நீதானே நிதானமா இருக்கணும்னு சொன்ன? ரெண்டு பத்துலேருந்து ரெண்டு முப்பத்தஞ்சு வரைக்கும். போதலன்னா சொல்லு, கோட்டைலேருந்து அஞ்சு நிமிஷம் கடிச்சுக்கலாம்."

ஃபூமியே வாயைப் பொத்திக்கொண்டாள். மிசாவோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கியோட்டோவில் பார்த்த அந்தச் சாம்பல் நிறக் கோட்டு மடிப்பு கண் முன்னால் வந்து நின்றது. ஆயுசுக்கும் ஒரே தடவை போகப்போகிற ஊர். அங்கேயும் அந்த முதுகுதானா?

"எனக்கு கியோட்டோன்னா உங்க முதுகுதாங்க ஞாபகம். பிராக்லயும் அதையே பாக்கணும்னா நான் வீட்லயே பாத்துக்கறேன்" என்றாள். குரல் உயரவில்லை. "திங்கக்கிழமை டிராவல்ஸுக்குப் போறேன். ரெண்டு டிக்கெட். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு உங்களுக்கா, ஃபூமிக்கான்னு ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழம என்ன?"

"மதியம் சாப்ட்டுட்டு ஏரிக்கரைக்குப் போறோம். சூரியன் மறையற வரைக்கும் ஒரே இடத்துல எங்கூட உக்காந்திருக்கணும். வாட்ச் கிடையாது, போன் கிடையாது. மணி என்னன்னு யாரையும் கேக்கக்கூடாது."

"சும்மாவா?"

"சும்மாத்தான்."

"எனக்குப் பாஸ்போர்ட் ரெடியா இருக்கு அத்தான்" என்றாள் ஃபூமியே. "நீங்க கஷ்டப்படாதீங்க."

ஃபூமியேவோடு போனால் சிரித்துச் சிரித்தே ஐந்து நாளும் போய்விடும். மிசாவோவுக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பாலத்தைப் பார்க்கும்போது கென்சாகுவின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க அவளுக்கு ஆசை. இத்தனை வருஷத்தில் அப்படி எதையும் அந்த முகத்தில் அவள் பார்த்ததில்லை. அதைத் தங்கையிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் கென்சாகு நூலகத்திலிருந்து படப்புத்தகங்கள் இரண்டை எடுத்துவந்தார். பிராக் நகர மன்றக் கோபுரத்தில் இருக்கும் பழைய கடிகாரத்துக்குத் தன் தாளில் ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார். அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர், "இது தப்பா ஓடுது" என்றார்.

"எது?"

"இந்தக் கடிகாரம். உள்வளையத்துல பத்து மணி காட்டுது. அதே முள்ளு வெளிவளையத்துல பதினஞ்சு காட்டுது. இந்த இன்னொரு புத்தகத்துல பாரு, உள்ள அதே பத்து. வெளில பதினெட்டு! ஒரு கடிகாரம் அன்னன்னிக்கு ஒரு பேச்சு பேசுது. இத எப்படி ஊர் நடுவுல வச்சிருக்கான்?"

சொந்தக்காரர் வீட்டில் திருட்டு நடந்த மாதிரி அவர் தவித்தார். வெள்ளிக்கிழமை திரும்பவும் நூலகத்துக்குப் போய் இருட்டும் நேரத்தில்தான் வந்தார். மிசாவோ சிப்பி போட்ட மிசோ சூப்பை முன்னால் வைத்தாள். இரவுச் சாப்பாட்டைப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கிற மனிதர், கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆறுது பாருங்க."

"மிசாவோ, அது தப்பா ஓடல" என்றார். "வெளிவளையம் அங்கத்தப் பழைய கணக்காம். சூரியன் மறையற நேரம்தான் இருபத்துநாலு. அங்கேருந்து ஒண்ணு, ரெண்டுன்னு திரும்ப ஆரம்பிக்கும். கோடைல சூரியன் லேட்டா மறையுதுல்ல? வளையமும் கூடவே நகந்துக்குது. குளிர்காலத்துல முன்னாடி வந்துடுது."

"அப்படியா?"

"அது மட்டும் இல்ல. நடுவுல வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டிருக்கான் பாத்தியா? சூரியன் உதிக்கறதுலேருந்து மறையற வரைக்கும் பன்னெண்டு பங்கு. அந்தக் கணக்குல கோடைல ஒரு மணி நேரம்னா பெருசு. குளிர்ல சின்னது. ஒரே கடிகாரத்துல, ஒரே முள்ளுல!" அவர் குரல் இறங்கிவிட்டது. "அறுநூறு வருஷம் முன்னாடி. கையில பல்சக்கரத்தத் தவிர ஒண்ணும் கிடையாது. நான் முப்பத்தெட்டு வருஷம் கோடு போட்டேன். ஒரு நாள்கூட சூரியன தாள்ல போட்டதில்ல."

சூப்பு முழுக்க ஆறிப்போனது. மிசாவோ அதை எடுத்துச் சுடவைக்கப் போனாள். திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில், அதே கரண்டியோடு இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மிசாவோ அவருடைய கைக்கடிகாரத்தைத் தேயிலை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். கென்சாகு வழக்கம்போல ரயில்காரர்கள் செய்கிற மாதிரி வாசலில் நின்று விரலை நீட்டி, உரக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "கேஸ் அடுப்பு, சரி! ஜன்னல், சரி! பூட்டு, சரி!"

"பொண்டாட்டி?" என்றாள் மிசாவோ.

அவர் விரல் தானாக அவள் பக்கம் திரும்பியது. "சரி!"

மட்சுயே என்கிற அந்த ஊரில் அவர்கள் வீட்டிலிருந்து ஏரிக்குப் பத்து நிமிஷ நடை. சாயங்காலம் அங்கே சூரியன் மறைவதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் வருவார்கள். கென்சாகு ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. பக்கத்து ஊரான யொனாகோவில் இருந்த அலுவலகத்திலிருந்து அவர் வீடு திரும்பும்போது எப்போதும் இருட்டியிருக்கும். வேலையிலிருந்து நின்ற பிறகு அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருப்பார்.

கரைப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். சோற்று உருண்டையும் பிளாஸ்க்கில் தேநீரும் இருந்தன. முதலில் அவர் கால் ஆடியது. பிறகு விரல்கள் முழங்காலைத் தட்டின. இடது மணிக்கட்டை மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லாததால் அதைச் சொறிந்துகொண்டார். ஏரியின் தெற்குக் கரையில் ஒரு ரயில் போனது. தண்ணீருக்கு மேலே சத்தம் மெதுவாக வந்தது.

"மூணு இருபத்தொண்ணு" என்றார் கென்சாகு. "ஒரு பன்னெண்டு செகண்டு லேட்டு."

"அழுகுணி ஆட்டம்!"

"நான் யாரையும் கேக்கலியே."

"ரயில் சொல்லுதுல்ல? காதப் பொத்திக்குங்க!"

அடுத்த ரயிலுக்கு நிஜமாகவே காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் உதடு முணுமுணுத்தது. அதற்கடுத்த ரயிலுக்குக் கண்ணையும் மூடிக்கொண்டார். உதடு அப்போதும் அசைந்தது. மிசாவோ பார்க்காத மாதிரி இருந்தாள். ஃபூமியேவுக்கு எப்படிச் சொல்வது, என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டாள். பாவம், உட்கார்ந்துதான் இருக்கிறார். ஆனால் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறார். இவரால் முடியாது.

மேகம் மெல்ல விலகியது. சூரியன் இறங்கி, ஏரியில் இருக்கும் ஒற்றைத் தீவின் பக்கத்துக்கு வந்தது. தீவில் இருக்கும் பைன் மரங்கள் கருத்தன. தண்ணீர் முதலில் தேன் நிறமானது, பிறகு செம்பு நிறமானது. படிக்கட்டில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நாயோடு வந்தவர் நாயை மடியில் தூக்கிக்கொண்டார். எல்லோர் முகமும் மேற்கே திரும்பியது.

மிசாவோ இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இருந்தும் மயிர்க்கூச்செறிந்தது. அண்டா ஆவிக்குப் பின்னால் அந்தப் பாலம் தெரியும்போது இருந்த அதே நடுக்கம். நம் ஊரிலும் இது இருக்கிறதே என்று நினைத்தாள்.

"மிசாவோ" என்றார் கென்சாகு, ரகசியம் சொல்கிற மாதிரி. "அந்தக் கடிகாரம் இங்க இருந்தா இப்ப இருபத்துநாலு அடிக்கப் போகுது."

"ம்."

"அத செஞ்சவன் இப்படித்தான் எங்கயாவது உக்காந்து பாத்துகிட்டு இருந்திருப்பான். உக்காராம அத செஞ்சிருக்கவே முடியாது."

அந்த நேரத்தில் தெற்குக் கரையில் ஒரு ரயில் போனது. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. முழு நீளத்துக்கும் சத்தம் போட்டுக்கொண்டு, நிதானமாகப் போனது. மிசாவோ அவர் உதட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை. கண் சூரியன் மேலேயே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அறுபத்தாறு வயசு மனிதர், முதல் தடவை கடலைப் பார்த்த குழந்தை மாதிரி இருந்தார்.

ரயில் போனதை அவள் சொல்லவில்லை.

சூரியனின் கடைசித் துணுக்கு தண்ணீரில் கொஞ்சம் நின்று, பிறகு இல்லாமல் போனது. கென்சாகுவின் வலது கை பழக்கத்தில் எழுந்தது. விரல் நீண்டது. "சரி" என்று சொல்ல வாயெடுத்தார். கை அப்படியே கொஞ்ச நேரம் ஆகாயத்தில் நின்றது. மிசாவோ அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "நான் பாஸா, ஃபெயிலா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"ஒரு சின்னத் துப்பாவது குடேன்."

"எதுக்கு? தாள்ல கோடு போடவா?"

அவர் அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தார், அவள் முழங்காலுக்குத் தகுந்த வேகத்தில். வீட்டுக்கு வந்தும் தேயிலை டப்பாவைத் திறக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை கென்சாகு எட்டு மணி தாண்டியும் தூங்கிக்கொண்டிருந்தார். மிசாவோ தனியாக டிராவல்ஸுக்குப் போய், பிராக் நகரத்துக்கு ஐந்து நாள் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டாள். இரண்டாவது டிக்கெட்டில் கென்சாகுவின் பெயர் இருந்தது.